காது சமமான நாய்க்குட்டி

பலகையில் அந்தக் கடைக்கு வேறு ஏதோ பெயர் எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததில்லை. தெருவுக்கே அது நாய்க்குட்டிக் கடைதான். புதிதாகக் குடிவந்தவர்கள் நாய்க்குட்டி விற்கிறார்களாக்கும் என்று எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே இரண்டு நாற்காலியும் இரண்டு நிலைக்கண்ணாடியும் தரையில் சுருள் சுருளாகக் குழந்தை முடியும் கிடப்பதைப் பார்த்துவிட்டு அசடு வழியத் திரும்புவார்கள்.

குழந்தைகளுக்கு முடி வெட்டும் கடை அது. நடத்தியவர்கள் அண்ணியும் நாத்தனாரும். பிள்ளைகளுக்கு அண்ணி பெரியக்கா, நாத்தனார் சின்னக்கா. சின்னக்காவுக்கு முதுகுக்குப் பின்னால் இன்னொரு பெயரும் இருந்தது. வெள்ளை மேலங்கியும் இறுகிய வாயுமாக அவள் பக்கத்தில் வந்தாலே ஊசி போடத்தான் வருகிறாள் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள். அதனால் ஊசியக்கா. அது அவளுக்கும் தெரியும். சிரித்துப் பார்த்தாள். சிரித்தபோது இன்னும் பயந்தார்கள்.

கத்தரியைக் கண்டதும் வீறிடும் குழந்தையை அண்ணி தொடவே மாட்டாள். எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பழைய வாரப் பத்திரிகையிலிருந்து ஒரு தாளைச் சதுரமாகக் கிழித்து எடுப்பாள். மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். அகலமான பக்கம் மேலே, கூர் கீழே. மேல் மூலைகளை ஒவ்வொன்றாகக் கீழ்ப்பக்கம் மடக்கினால் இரண்டு காது. கீழே இருக்கும் கூரைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் முகவாய். பேனாவால் இரண்டு கண், ஒரு மூக்கு. அவ்வளவுதான் நாய். கைப்பிள்ளைகூட மடிக்கலாம். ஆனால் முதல் காது தொங்கும்போது அழுகை நிற்கும். இரண்டாவது காது தொங்கும்போது வாய் பிளந்திருக்கும். கண் வைக்கும்போது அந்த நாயை வாங்கிக்கொள்ள எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம் என்ற நிலைக்குக் குழந்தை வந்திருக்கும். முடி எம்மாத்திரம்.

அண்ணியின் நாய்க்கு ஒரு குறை உண்டு. வலது காதை மடக்கிப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டே இடது காதை மடக்குவாள். அதனால் இடது காது எப்போதும் ஒரு விரற்கடை நீளமாகத் தொங்கும். எந்த வீட்டு அலமாரியில் அப்படி ஏறி இறங்கிய காதோடு ஒரு காகித நாய் இருந்தாலும், அந்த வீட்டுப் பிள்ளைக்கு எங்கே முடி வெட்டினார்கள் என்று கேட்க வேண்டியதில்லை.

சின்னக்காவுக்கு நாய் மடிக்க வராது. பெருக்குவது, துண்டு துவைப்பது, கத்தரிக்குச் சாணை பிடிப்பது, வளர்ந்த பிள்ளைகளுக்கு வெட்டுவது அவள் பங்கு. புகுந்த வீட்டில் ஒத்துவராமல் ஒரே ஒரு பெட்டியோடு அவள் திரும்பி வந்தபோது, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே, கடைக்கு வா, எனக்கும் ஒரு கை வேணும் என்று கூப்பிட்டவள் அண்ணிதான். கடைக்கு மேலே ஒரு சின்ன அறையும் கொடுத்தாள். அந்த அறையும் அந்தக் கடையும் போனால் சின்னக்காவுக்கு நிற்க வேறு இடம் கிடையாது. அண்ணி போனால் குழந்தைகள் போவார்கள். குழந்தைகள் போனால் கடை போய்விடும். தலையணையில் தலை வைக்கும்போதெல்லாம் அவள் இதை ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடுவாள்.

அதனால்தான் அந்த டப்பா அவள் கண்ணை உறுத்தியது.

பழைய பிஸ்கட் டப்பா. ஒரு நாள் காலையில் அண்ணி அதைக் கைப்பையிலிருந்து எடுத்து நாற்காலிக்குக் கீழே, காலால் எட்டித் தள்ளும் தூரத்தில் வைத்தாள். முதல் குழந்தை வாயைத் திறந்ததும் குனிந்து மூடியைத் திறந்து ஒரு நாயை எடுத்து நீட்டினாள். மடித்த நாய். கண், மூக்கு எல்லாம் வைத்த நாய். குழந்தை வாங்கிக்கொண்டது, ஆனால் அழுகை நிற்கச் சற்று நேரமானது. தாய் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"வீட்டுலயே மடிச்சு எடுத்துட்டு வந்துட்டீங்களா அண்ணி?" என்று கேட்டாள் சின்னக்கா.

"ஆமா. இங்க நேரம் எங்க இருக்கு?" என்றாள் அண்ணி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

கடையில் நேரத்துக்கு என்ன குறை? மத்தியானம் ஈ ஓட்டிக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறோம்? சின்னக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போகிற சாக்கில் டப்பாவைப் பார்த்தாள். நாய்கள் வரிசையாக, ஒன்றோடொன்று ஒட்டி, படையாட்கள் மாதிரி நின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு காதும் ஒரே அளவு.

அதற்குப் பிறகு அவளுக்குக் கண்ணில் பட்டதெல்லாம் சந்தேகம்தான். கண்ணில் தூசி விழுந்தவளுக்கு ஊரே மங்கலாகத் தெரியும் என்பார்களே, அந்தக் கதை.

வாரத்தின் முதல் நாள் காலையில், கதவைத் திறப்பதற்கு முன், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முடி நுனியை வெட்டிக்கொள்வது வழக்கம். கடை தொடங்கியதிலிருந்து விட்டதில்லை. முடி வெட்டுகிறவள் தலை கலைந்திருந்தால் யார் நம்பித் தலையைக் கொடுப்பார்கள் என்பாள் அண்ணி. இப்போது அவள் ஏதாவது சாக்குச் சொன்னாள். ஒரு வாரம் தலைவலி என்றாள். அடுத்த வாரம், நீ முடியை வளர்த்துப் பாரேன், முகத்துக்கு எடுப்பாக இருக்கும் என்றாள். இத்தனை காலம் எடுப்பில்லாத முகத்தை இப்போதுதான் பார்த்தாளாக்கும்!

இன்னொன்று. காதோரம், நெற்றி ஓரம் என்று கத்தரி நுனி விளையாட வேண்டிய இடம் வந்தால், "நீ பாரும்மா, எனக்கு இடுப்பு பிடிச்சுக்குச்சு" என்று கத்தரியை இவள் கையில் திணித்துவிட்டு நகர்ந்துகொண்டாள். நாற்காலியில் இருக்கும் குழந்தை ஊசியக்காவைக் கண்ணாடியில் பார்த்ததும் கூரையைப் பெயர்க்கும். தெருவுக்கே கேட்கும்படி அழுகைக் கச்சேரி. அண்ணி அப்போதெல்லாம் வலது கையை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நிற்பாள். போகிறவள் நிற்கிற நிலை அது என்று சின்னக்காவுக்குப் பட்டது.

எங்கே போகிறவள்? அதற்கும் அவள் மனதில் விடை இருந்தது. அடுத்த தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு புதுக் கடை திறந்திருந்தார்கள். அங்கேயும் குழந்தைகளுக்கு முடி வெட்டுகிறார்களாம். பொம்மைக் கார் வடிவத்தில் நாற்காலியாம். பக்கத்தில் சாவி செய்கிறவர் தினம் ஒரு செய்தியோடு வந்தார். அவர் நாக்குக்குத் திறக்காத பூட்டு கிடையாது. உங்க அண்ணி மத்தியானத்துல அந்தப் பக்கமா போறாங்களே, அங்க யாராவது சொந்தக்காரங்களா என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டுவிட்டுப் போனார்.

அண்ணி வாரத்தில் சில மத்தியானங்கள் வெளியே போவது உண்மைதான். கேட்டால் கடைத்தெருவுக்கு என்பாள். திரும்பி வரும்போது கையில் ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட இருக்காது.

ஒரு சாயங்காலம் அண்ணி கிளம்பிப் போன பிறகு சின்னக்கா டப்பாவிலிருந்து ஒரு நாயைத் திருடினாள். தன் கடையில் தானே திருடுவது அவளுக்கே கூச்சமாக இருந்தது. மாடி அறையில் கட்டிலில் வைத்து விளக்கடியில் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அது அண்ணியின் நாயே இல்லை. அண்ணி தாளைக் கையால் கிழிப்பாள், ஓரம் பிசிறடிக்கும். இது கத்தரியால் நறுக்கிய தாள். அண்ணி கண்ணுக்கு ஒரு புள்ளிதான் வைப்பாள். இதில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் நான்கு புள்ளி. முறைக்கிற கண். மடிப்பில் விரலை வைத்தால் வெட்டிவிடும் போலக் கூர்மை. தாளின் மேல் ஒரு பளபளப்பு வேறு. மெதுவாகப் பிரித்தாள். உள்ளே தப்பு மடிப்பு, திருத்திய மடிப்பு ஒன்றும் கிடையாது. போகவேண்டிய இடத்துக்கு மட்டும் போன கோடுகள்.

யாரோ கை பழகியவர்கள் மடித்தது. அண்ணி உட்கார்ந்து யாருக்கோ கற்றுக்கொடுத்திருக்கிறாள். யாருக்கு? புதுக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பெண்களுக்கு. கடையின் உயிரையே தூக்கிக் கொடுத்துவிட்டு, அவர்கள் மடித்துப் பழகிய நாய்களை இங்கே கொண்டுவந்து தள்ளுகிறாள். இப்படி யோசித்தபோது எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது.

நாயைத் திரும்ப மடித்து வைக்கப் பார்த்தாள். கோடு போட்டுக் கொடுத்தது போல மடிப்புகள் எல்லாம் அப்படியே இருந்தன. இருந்தும் அவள் கையில் அது நாயாகவில்லை. கடைசியில் தாளை மெத்தைக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்தாள்.

அடுத்த முறை அண்ணி மத்தியானம் கிளம்பியபோது சின்னக்கா கடைக்கதவைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனாள். அண்ணி வேகமாக நடந்தாள். தெருமுனை திரும்பியதும் அந்தப் புதுக் கடை இருந்த கட்டடத்தின் பக்கம் ஒதுங்கினாள். நடுவே ஒரு வண்டி குறுக்கிட்டு விலகியபோது அவளைக் காணவில்லை. கண்ணாடிக் கதவு மட்டும் ஆடி அடங்கிக்கொண்டிருந்தது.

சின்னக்காவுக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்ததோ, நேரே உள்ளே போய்விட்டாள். சோப்பு வாசனை. சிவப்புக் காரில் ஒரு பையன் உட்கார்ந்து கைப்பேசியில் படம் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெண் அவன் பின்னந்தலையை வெட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி இல்லை. பின்பக்கம் ஒரு திரை தொங்கியது. அதற்குப் பின்னால் இருப்பாளோ என்று எட்டிப் பார்ப்பதற்குள் முதலாளியம்மா வந்துவிட்டாள். மேலங்கியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாய்க்குட்டிக் கடைதானே? வாங்க வாங்க. உங்களைப் போல கை பழகினவங்கதான் எங்களுக்கு வேணும்" என்றாள்.

சின்னக்கா திரையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள். அவள் பேசப் பேச, இவள் ஜன்னலோரமாக நின்று தலையை ஆட்டியபடியே இருந்தாள். காது மட்டும் திரைக்குப் பின்னால் இருந்தது. அங்கே சத்தமே இல்லை. கடைசியில் பார்க்கலாம், யோசிக்கிறேன் என்று ஏதோ உளறிவிட்டு வெளியே வந்தாள். உங்களைப் போல என்றாளே, அப்படியானால் ஏற்கெனவே ஒருத்தியைப் பிடித்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்?

அன்றைக்கு அண்ணி கடைக்குத் திரும்பியபோது முகம் கறுத்திருந்தது. இவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டம்ளரை வைத்த சத்தமே சரியில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டு சின்னக்காவும் பேசவில்லை. இரண்டு பேரும் கண்ணாடி வழியாக ஒருவரையொருவர் வேவு பார்த்தார்கள். பார்வை சந்தித்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சீப்பைத் தேடினார்கள்.

மனசு கேட்காமல் அண்ணனிடம் போனாள். அண்ணன் தையல்காரர். கூடப்பிறந்தவர் அல்லவா, அண்ணி கடையை விட்டுப் போவதாக இருந்தால் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தையல் கடைக்குள் அவள் காலை வைத்ததும் அண்ணன் தேய்க்கும் மேஜையின் மேல் இருந்த எதையோ, ஒரு சட்டைத் துணியை இழுத்துப் போட்டு மூடினார். வாம்மா, என்ன திடீர்னு என்றார். குரல் வழக்கத்தைவிட ஒரு படி மேலே இருந்தது.

அண்ணி போக்கே சரியில்லையே என்று அவள் ஆரம்பித்தாள். அவர் நூலை ஊசியில் கோத்தார், உருவினார், மறுபடி கோத்தார். அவளுக்கு வேலை ஜாஸ்தி, வேற ஒண்ணுமில்ல என்றார். சொல்லும்போது அளவு நாடாவின் எண்களைப் படித்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் அடுப்படியில் சர்க்கரை திருடிவிட்டு அம்மாவிடம் பேசும்போதும் அவருக்கு இதே முகம்தான்.

அப்போதுதான் அவள் கொடியில் தொங்கிய மேலங்கியைப் பார்த்தாள். புது மேலங்கி. ஊதா நிறம். இரண்டு பக்கமும் பெரிய பெரிய பைகள். அளவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது அண்ணியின் உடம்புக்கு. நாய்க்குட்டிக் கடையில் எப்போதும் வெள்ளைதான்.

"இது யாருக்கு?"

"ஒரு ஆர்டர்" என்றார் அண்ணன்.

கூடப்பிறந்தவரும் சேர்ந்துகொண்டார். அவர்கள் புருஷன் பெண்டாட்டி, கடைசியில் தனியாக நிற்கப்போவது நாம்தான் என்று நினைத்துக்கொண்டே சின்னக்கா வீடு வந்து சேர்ந்தாள். அழவில்லை. ஒன்று மட்டும் முடிவு செய்தாள். எப்படியும் போகத்தான் போகிறாள், போகட்டும். ஆனால் திருட்டுத்தனமாகப் போக விடக்கூடாது. அண்ணி நாய் மடிப்பதை விட்டுவிட்டாள் என்பதை அவள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

அதற்கு ஆள் தானாகவே வந்தது. மருந்துக்கடைக்காரம்மாவின் மகள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயது. கடையில் அவளுக்கு வாலு என்று பெயர். வாலுவின் அம்மா அவளை நாற்காலியில் தூக்கி உட்கார வைத்து, கடையில ஆள் நிக்குது, வெட்டி வைங்க, வந்து கூட்டிட்டுப் போறேன் என்று ஓடிவிட்டாள்.

அண்ணி டப்பாவைத் திறந்து நாயை நீட்டினாள். வாலு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்துக்கு நேரே பிடித்து முறைத்தாள்.

"இது நம்ம நாய் இல்ல" என்றாள்.

"நம்ம நாய்தான்டா கண்ணு. குளிச்சுட்டு வந்திருக்கு."

"ரெண்டு காதும் ஒரே மாதிரி இருக்கு. நம்ம நாய்க்கு ஒரு காது பெருசு. இது வேற நாய். யார் இத விட்டது?"

சின்னக்காவுக்குக் குழந்தையை அப்படியே அள்ளி முத்தமிட வேண்டும் போல இருந்தது. இத்தனை நாளாக அவள் தொண்டையில் கிடந்த கேள்வியை இந்தப் பொடிசு எவ்வளவு லேசாகக் கேட்டுவிட்டது.

வாலு அதோடு விடவில்லை. நாயை மடியில் வைத்து, காது, முகவாய் எல்லாவற்றையும் பிரித்துத் தட்டையாக்கி, தாளை அண்ணியிடம் நீட்டினாள். இப்பச் செய்ங்க, நான் பாக்கணும் என்றாள். அண்ணி நாளைக்கு என்றாள். பெரியக்காவுக்கு இடுப்பு வலி என்றாள். இடுப்பாலயா மடிப்பீங்க என்று கேட்டது வாலு.

இதுதான் நேரம் என்று சின்னக்கா நினைத்தாள். குரலில் தேன் தடவிக்கொண்டாள்.

"செஞ்சுதான் காட்டுங்களேன் அண்ணி. குழந்தை ஆசையா கேக்குது. நானும் பாத்து நாளாச்சு."

அண்ணி அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருக்கும் என்று சின்னக்கா எதிர்பார்த்திருந்தாள். கோபம் இல்லை. கிணற்று விளிம்பில் நிற்பவள் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பது போல இருந்தது.

பிறகு அண்ணி முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து வலது கையை வெளியே எடுத்தாள். தாளை முழங்காலில் வைத்து ஒரு மூலையைப் பிடித்து எதிர் மூலைக்குக் கொண்டுபோனாள். மூலை போய்ச் சேரவில்லை. தாண்டிப் போனது, திரும்பி வந்தது, மறுபடி தாண்டியது. தாள் சரசரவென்று சத்தம் போட்டது. மின்விசிறிக் காற்று என்று சின்னக்கா முதலில் நினைத்தாள். மின்விசிறி ஓடவில்லை. அண்ணி இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினாள். மடிப்பு விழுந்தது, கோணலாக, நடுவில் ஒரு சுருக்கத்தோடு. காதை மடக்கப் போனபோது தாள் கையிலிருந்து நழுவித் தரையில் கிடந்த முடியில் விழுந்தது.

"உங்க கை ஏன் ஆடுது?" என்று கேட்டாள் வாலு. "குளிருதா?"

"ஆமாடா" என்றாள் அண்ணி.

சின்னக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். காதோரத்தில் கத்தரியைக் கையில் திணித்தது, முதல் நாள் காலைச் சாக்குகள், பைக்குள் போன கை, பெரிய பை வைத்த ஊதா மேலங்கி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவள் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போயின. நாயின் மேல் இருந்த பளபளப்பு எதுவென்று இப்போது தெரிந்தது. அது இஸ்திரிப் பெட்டி ஓடிய தடம். வட்டத்துக்குள் நான்கு புள்ளி என்றால் அது கண் இல்லை, பட்டன். உலகத்தில் நாய்க்குப் பட்டன் வைக்க வேறு யாருக்குத் தோன்றும்?

அவள் குனிந்து தாளை எடுத்தாள். முடியைத் தட்டினாள்.

"எங்கிட்ட குடுங்க. நான் மடிக்கிறேன்."

"உனக்கு வராதே" என்றாள் அண்ணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஊசியக்காவுக்குத் தெரியாதா? எனக்குத் தெரியும்" என்றது வாலு. கழுத்தைச் சுற்றிக் கட்டிய துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து நீட்டி அதிகாரம் செய்தது. மூலையோட மூலை ஒட்டணும். நகத்தால தேய்க்கணும். இப்ப மூக்கு கீழ பாக்கணும். சின்னக்கா சொன்னபடி செய்தாள். அவளுக்கு வியர்த்தது. இரண்டு மூலைகளையும் மடக்கி, முகவாயைப் பின்னுக்குத் தள்ளி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பெருமையாக நிமிர்த்திக் காட்டினாள்.

வாலு கொஞ்ச நேரம் பார்த்தது. அண்ணியும் பார்த்தாள்.

"அக்கா, காத மேல மடிச்சுட்டீங்க" என்றது வாலு. "இது பூனை."

அண்ணிதான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாக வந்த சிரிப்பு. அதைப் பார்த்ததும் குழந்தைக்கும் தொற்றிக்கொண்டது. சின்னக்காவின் இறுகிய வாயும் ஒரு பக்கமாக இளகியது. இந்த முறை குழந்தை பயப்படவில்லை. பூனையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மீசை போடச் சொல்லி, அசையாமல் உட்கார்ந்து, ஊசியக்காவிடம் தலையைக் கொடுத்தது.

வாலுவை அம்மா கூட்டிப்போன பிறகு இரண்டு பேரும் முடியைப் பெருக்காமல் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல அண்ணி?"

"சொன்னா என்ன பண்ணுவ? கத்தரிய வாங்கி வச்சுட்டு என்னை ஓரமா உக்கார வைப்ப. வர்றவங்க எல்லாம் பாவம்னு சொல்லிட்டு, பிள்ளையக் கூட்டிட்டுத் திரும்பிப் போயிடுவாங்க. நடுங்குற கையில கத்தரின்னா யார் விடுவா?" அண்ணி கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். நரம்புக் கோளாறு என்று சொல்லியிருக்கிறார்களாம். சரியாகலாம், ஆகாமலும் போகலாம். அந்தப் புதுக் கடைக்கு மேல்மாடியில் கைப்பயிற்சி கொடுக்கிறார்கள், பக்கவாட்டில் படி. மத்தியானங்களில் அங்கே போய்க் களிமண்ணைப் பிசைந்துவிட்டு வருகிறாளாம்.

சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

"அது இருக்கட்டும். நீ எப்ப அங்க சேரப்போற?"

"எங்க?"

"பக்கவாட்டுப் படியில இருந்து ஜன்னல் வழியா பாத்தேன். நீ அந்த முதலாளியம்மா சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டு நின்ன. என் கை போனது தெரிஞ்சுதான் இவ வேற இடம் பாக்குறான்னு நெனச்சேன். உங்க அண்ணன்கிட்ட சொல்லி அழுதேன். அவர் உன்னைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை பேச விடல."

உங்களைத் திரைக்குப் பின்னால் தேடினேன் என்று சொன்னாள் சின்னக்கா. சொல்லும்போதே அது எவ்வளவு மடத்தனம் என்று அவளுக்குத் தெரிந்தது. அண்ணி நம்பவில்லை. மறுபடி கேட்டாள். இவள் மறுபடி சொன்னாள். மூன்றாம் முறை கேட்டபோது சின்னக்கா மாடிக்குப் போய், மெத்தைக்கு அடியிலிருந்த தாளைக் கொண்டுவந்து காட்டினாள். கசங்கிப்போன தாளில் அண்ணன் வைத்த பட்டன் கண் இரண்டும் அண்ணியை முறைத்தன.

"திருடி" என்றாள் அண்ணி. அப்போதுதான் நம்பினாள்.

அதற்குப் பிறகு கடையில் வேலை மாறிக்கொண்டது. கத்தரி முழுக்கச் சின்னக்காவிடம். அண்ணி முக்காலியில் உட்கார்ந்து, கையை மறைக்காமல் மடியில் போட்டுக்கொண்டு, தாளைக் குழந்தையிடமே கொடுத்தாள். மூலையத் தேடு, மூலைய மூலையோட பேச விடு, இப்ப நகத்தால ஒரு கோடு என்று வாயால் மட்டும் சொன்னாள். அவள் கை ஏன் ஆடுகிறது என்று கேட்ட குழந்தைகளுக்கு, அதுக்குக் கூச்சம் என்றாள். கேட்ட பெரியவர்களுக்கு உள்ளதைச் சொன்னாள். சிலர் வராமல் போனார்கள். வந்தவர்கள் கத்தரி யார் கையில் என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். அண்ணன் கழுத்தில் கட்டும் துணிகளில் கை வெளியே வர இரண்டு ஓட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார். பட்டன் கண் நாய்கள் நின்றுபோயின. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். குழந்தைகள் தாங்களே மடித்த நாய்கள் மூன்று காதோடும், காதே இல்லாமலும், சில நேரம் பூனையாகவும் வெளியே போயின. சாவிக்காரர் இதெல்லாம் எதற்கு என்று கேட்டுப் பார்த்தார்.

வாரத்தின் முதல் நாள் வந்தது. கதவு திறப்பதற்கு முன் சின்னக்கா அண்ணியின் முடி நுனியை வெட்டி, தோளைத் தட்டிவிட்டு, தான் போய் மற்ற நாற்காலியில் உட்கார்ந்தாள். துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். கத்தரியைப் பின்பக்கமாக நீட்டினாள்.

"விளையாடாத" என்றாள் அண்ணி.

"வெட்டுங்க."

"காத வெட்டிடுவேன்."

"வெட்டுங்க. நம்ம கடையில ஒரு காது சின்னதா இருந்தாத்தான் மரியாதை."

அண்ணி கத்தரியை வாங்கிக்கொண்டாள். பிறகு முழங்கையைச் சின்னக்காவின் தோளில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள். தோளுக்குள் அந்த நடுக்கம் இறங்கியது. மூடிய பெட்டிக்குள் சின்னப் பிராணி ஒன்று நகர்வது போல இருந்தது. சின்னக்கா அசையவில்லை. கண்ணாடியில் கத்தரி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதுக்குப் பக்கத்தில் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். சரக் என்றது. நின்றது. இன்னும் ஒரு சரக்.

கண்ணைத் திறந்தபோது காது இரண்டும் இருந்தன. வலது பக்க முடி சீராக வெட்டியிருந்தது. இடது பக்கம் ஒரு விரற்கடை நீளமாகத் தொங்கியது. அண்ணியின் நாய்க்குத் தொங்குமே, அச்சு அசலாக அதே அளவு.

கை நடுங்கித்தான் அப்படி ஆனதா, இல்லை வேண்டுமென்றே விட்டு வைத்தாளா? சின்னக்கா கண்ணாடியில் அண்ணியின் முகத்தைத் தேடினாள். அண்ணி முதுகைக் காட்டிக்கொண்டு, வெகு அக்கறையாக, ஏற்கெனவே சுத்தமாக இருந்த சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.